சாட்சிக்கு ஒரு பிடி பொரி

ஆவாரை மாவாலையின் சாட்சி நானூற்றுப் பன்னிரண்டு நாளாக வாய் திறக்கவில்லை.

செண்பகவல்லி அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். மற்ற வீடுகளில் ராசிபலன் பார்ப்பதைப்போல, ஒவ்வாமைப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மௌனநாள் பார்ப்பார்கள். சமையலறைச் சுவரில் இருக்கும் சேதிப்பலகையில் மாவட்டத்து உணவாலைகள் அத்தனையும் வரிசையாக நிற்கும். எந்த ஆலையின் சாட்சி அதிக நாள் பேசாமல் இருக்கிறதோ அது மேலே. பேசிவிட்டால் அந்த ஆலை அன்றைக்கே அடிக்குப் போய்விடும். கயத்தாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆவாரை மூன்று மாதமாக முதலிடம்.

அன்று புதன்கிழமை. செண்பகவல்லி ஆவாரையின் கம்பு மாவில் கூழ் காய்ச்சி, மோர் ஊற்றி, ஆறு வயது மகள் எழினிக்குக் கொடுத்தாள். நாலாவது வாயில் பிள்ளை கரண்டியைக் கீழே வைத்தது.

"அம்மா, நாக்குல எறும்பு ஊறுது."

செண்பகவல்லிக்கு அந்த வாக்கியம் தெரியும். மூன்று வயதில் கல்யாண வீட்டில் யாரோ ஒரு துணுக்குக் கடலை மிட்டாயை வாயில் போட்டபோதும் பிள்ளை இதையேதான் சொன்னது. உதடு தடிப்பதற்குள் ஒவ்வாமையை முறிக்கும் உயிரூசியை எடுத்துத் தொடையில் குத்தினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பு இல்லாமல் தெருவுக்கு ஓடினாள்.

மாலைக்குள் எழினி ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஐஸ் கேட்டது. சோதனைத் தாளில் நிலக்கடலை என்று வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது. தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

சாட்சி ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளையிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அதிலிருந்து விரல் நக அளவுக்கு ஒரு சதைப்படலம் வளர்க்கிறார்கள். பிள்ளையின் உடம்பு எதைப் பார்த்துப் பதறுமோ அதைப் பார்த்துப் படலமும் பதறும். அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, ஆலையில் மாவு விழும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். உறிஞ்சுகுழல் ஒன்று அங்கே பறக்கிற தூசியை அதற்குக் காட்டிக்கொண்டே இருக்கும். கடலைத் தூசி கலந்தால் படலம் வீங்கும். லேசாக வீங்கினால் சிணுங்கல். குறிப்பேட்டில் ஏறும், அவ்வளவுதான். முழுதாக வீங்கினால் அலறல். சங்கு ஊதும், ஆலை நிற்கும், மௌனநாள் பூஜ்யத்துக்கு விழும்.

அதற்கு முன்பு அம்மாக்கள் பொட்டலத்தின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 'கடலை கையாளப்படும் இடத்தில் தயாரிக்கப்பட்டிருக்கலாம்' என்று போட்டிருக்கும். இருக்கலாம் என்றால் இருக்கிறதா, இல்லையா? கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுக் கேட்கும். நல்ல ஆலை எது என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் விசாரித்து, அவள் வேறொருத்தியிடம் விசாரித்து, கடைசியில் எல்லோரும் பிள்ளைக்கு வெறும் சோறு கொடுப்பார்கள். சாட்சி வந்த பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆலைக்காரன் பொய் சொல்லலாம். பிள்ளையின் சதை சொல்லுமா?

ஆவாரையில் இருந்தது எழினியின் சதைதான். ஒரு ஆலைக்கு ஒரு சாட்சி. வட்டாரத்திலேயே ஒவ்வாமை கடுமையாக உள்ள பிள்ளை எதுவோ அதன் ரத்தம். அதை வளர்த்துப் பேழையில் அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய் நிறுத்தியவள் செண்பகவல்லியின் தங்கை பேராச்சி. திருநெல்வேலி சாட்சியகத்தில் அவள் சாட்சிப் பராமரிப்பாளர். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அவள் வாங்கிய பட்டத்தால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. குக்கர் வாங்குவதிலிருந்து கண்புரை அறுவைவரைக்கும் எல்லாவற்றையும் பேராச்சியிடம் கேட்டுவிட்டுச் செய்வார்கள். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும்.

ஆவாரை மாவை வாங்கச் சொன்னதும் அவள்தான்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கண்காணிப்பாளர் ஞானதிரவியம் வந்தார். அக்காவோடு அங்கே இருந்த பேராச்சிக்கு மேலதிகாரி. நல்ல மனிதர்தான், குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமலே சொன்னார்.

"சாட்சி பேசல. பிள்ளைக்கு வந்திருக்கு. அப்போ கடலை ஆலையில சேரல, வீட்டுல சேந்திருக்கு. விதி அப்படித்தானம்மா சொல்லுது."

"என் வீட்டுல கடலை எண்ணெகூடக் கிடையாது சார்" என்றாள் செண்பகவல்லி.

"எல்லா அம்மாவும் அதத்தான் சொல்லுவாவ."

"எல்லா அம்மாவும் பொய்யா சொல்லுதாவ?" பேராச்சி கேட்டாள்.

"நீ இதுல பேசாத பேராச்சி. நீ சித்தி. திங்கக்கிழமை விசாரணை. 'வீட்டுக் கவனக்குறைவு'ன்னு பதிவாச்சுன்னா பிள்ளை ஆறு மாசம் பாதுகாப்பு விடுதியில இருக்கணும். தண்டனைன்னு நெனைக்காதிய. அங்க சாப்பாடெல்லாம் சுத்தம்."

அவர் போன பிறகு செண்பகவல்லி பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள். எழினி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு எதிரே ஒரு பூட்டிய கதவு. மேலே 'பழக்குப் பிரிவு' என்று எழுத்து மங்கிய பலகை. அது என்ன என்று நர்ஸைக் கேட்டபோது, முன்பெல்லாம் ஒவ்வாமைப் பிள்ளைகளுக்குத் துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவார்கள், மாதக்கணக்கில் பிடிக்கும், சாட்சி வந்த பிறகு யாரும் வருவதில்லை, இப்போது உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருக்கிறோம் என்றாள்.

"ஏட்டி," செண்பகவல்லி கடைசியில் சொன்னாள், "நீ சொன்னேன்னுதானட்டி அந்த மாவ வாங்குனேன்."

குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் பேராச்சிக்குச் சுட்டது.

ஒரு ரத்தத்திலிருந்து சாட்சியகம் இரண்டு படலம் வளர்க்கும். ஒன்று ஆலைக்குப் போகும். இன்னொன்று, இணைச்சாட்சி, குளிர்ப்பெட்டியில் தூங்கும். பேராச்சி அன்று மதியமே எழினியின் இணைச்சாட்சியை எழுப்பி, அக்கா வீட்டு மாவில் ஒரு சிட்டிகையைக் காட்டினாள். அரை நிமிடத்தில் அது வீங்கிச் சிவந்து கண்ணாடியைத் தொட்டது.

ஞானதிரவியம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிரிச்ச பொட்டலம். அம்மா கரண்டி போட்ட பொட்டலம். இது செல்லாது."

அவர் சொன்னதும் சரிதான். பேராச்சிக்குக் கோபம் வந்ததே அவர் சொன்னது சரியாக இருந்ததால்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் இணைச்சாட்சியை ஒரு பையில் வைத்துக்கொண்டு கயத்தாற்றுக்கு பஸ் ஏறினாள்.

ஆவாரை வாசலில் பெரிய பலகை 414 என்றது. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளையும் சேர்த்து எண்ணியிருந்தது. வாசலில் நிற்கும் கேள்விப்பொறி எல்லோரையும் கேட்பதைப்போல அவளையும் கேட்டது: "தின்பண்டம், உணவுப்பொருள் ஏதேனும் கொண்டுவருகிறீர்களா?"

"இல்லை."

அவளுக்கு முன்னால் வேலைக்கு வந்த ஏழெட்டுப் பெண்களும் இல்லை என்றுதான் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். பேச்சில் நடுக்கம் இருந்தால் அந்தப் பொறி கதவைத் திறக்காது. எல்லோருக்கும் திறந்தது.

முதலாளி பால்துரை எதிரே வந்தார். "வாங்க மேடம். பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு? கேட்டதுலயிருந்து எனக்குச் சோறு எறங்கல. நம்ம சாட்சியோட பிள்ளைல்லா."

"உங்க மாவுலதான் கடலை இருந்திருக்கு."

"வாய்ப்பே இல்ல. ஐநூறாவது நாளுக்குப் பந்தல் போட ஆள்கூடச் சொல்லியாச்சு. நம்ம பலகையப் பாத்தியல்லா?"

"பலகையப் பாக்க வரல. சாட்சியப் பாக்க வந்தேன்."

மாவைப் பொட்டலம் கட்டும் பொதியறையில் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். மாவு இறங்கும் வாய்க்குப் பக்கத்தில், டிபன் கேரியரின் ஒரு அடுக்கு அளவுக்குப் பேழை இருந்தது. கண்ணாடிக்குள் இளஞ்சிவப்பாகப் படலம். பேழையின் நெற்றியில் குங்குமம். ஒரு ஓரத்தில் கண்ணேறு கழிக்க வைத்த மைப்பொட்டு. வேலைக்காரப் பெண்களுக்குத் தலைவி காந்திமதி, ஐம்பது வயது இருக்கும், ஓடி வந்து தன் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"எங்க எழினி நல்லாருக்காளா தாயி? ரெண்டு நாளா இதப் பாத்துப் பாத்து அழுதோம். இங்க நல்லாத்தான் இருக்கா. அங்க என்னன்னு தெரியலையே."

பேராச்சி பையைக் கீழே வைத்தாள். பேழையைத் திறந்து, சோதனைக் குப்பியிலிருந்து ஒரு சொட்டுக் கடலைநீரைப் படலத்தின் மேல் விட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு சொட்டு. இன்னும் ஐந்து. குப்பியையே கவிழ்த்தாள். படலம் சும்மா இருந்தது. செத்திருக்குமோ என்று உயிர்மானியை வைத்துப் பார்த்தாள். நல்ல உயிர், நல்ல கொழுப்பு. பேழையை எடுத்துவிட்டு அதே இடத்தில் இணைச்சாட்சியைப் பொருத்தினாள். அது குழலில் இணைந்ததுதான் தாமதம், கூரையில் சங்கு ஊதியது. மாவு நின்றது. பன்னிரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசல் பலகை பூஜ்யத்துக்குப் போனதை யாரோ வெளியே இருந்து கத்திச் சொன்னார்கள்.

"மேடம்! என்ன காரியம் பண்ணிட்டிய!" பால்துரை தலையில் கையை வைத்துக்கொண்டார். "நானூத்திப் பதினாலு மேடம்!"

"உங்க சாட்சிக்குக் கடலை பழகிப்போச்சு. கொஞ்சங்கொஞ்சமா யாரோ காட்டிக் காட்டிப் பழக்கியிருக்காவ. இனிமே அது முன்னால மூட்டை கடலையக் கொட்டினாலும் பேசாது. யாரு கடலை கொண்டு வாறது?"

காந்திமதி முன்னால் வந்தாள். "இந்தக் கேட்டுக்குள்ள ஒரு கடலைத் தோலு வந்ததில்ல தாயி. என் பிள்ளைய மேல சத்தியம். எங்களுக்குத் தெரியாதா, உள்ள ஒரு பிள்ளை இருக்குன்னு? வீட்டுல கடலை தின்னாக்கூட வாயக் கொப்பளிச்சு, குளிச்சு, சீலை மாத்திட்டுல்லா வாறோம்."

பொய் இல்லை. பேராச்சிக்கு முகம் பார்க்கத் தெரியும். அதனால்தான் குழப்பமாக இருந்தது. பழைய பேழையின் குறிப்பேட்டைத் திறந்தாள். அலறல் ஒன்றுகூட இல்லை. சிணுங்கல் இருந்தது. சாட்சி வந்த முதல் வாரம் பெரிய சிணுங்கல். அடுத்த வாரம் அதைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்கடுத்த வாரம் இன்னும் சின்னது. பதினோரு வாரத்தில் அழிந்து, பிறகு ஒன்றும் இல்லை. பதினொன்றும் வெள்ளிக்கிழமை. பதினொன்றும் காலை பதினோரு மணி.

அவள் மணியைப் பார்த்தபோது பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

சங்கு ஊதினாலும் ஆலை நின்றாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதானே. யாரோ சாம்பிராணியைப் புகைய விட்டார்கள். சல்லடைக்கு ஒரு சந்தனப் பொட்டு, தராசுக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று. காந்திமதி ஒரு சின்ன எவர்சில்வர் தட்டோடு பேழையின் முன்னால் வந்தாள். அதிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். உறிஞ்சுகுழலின் வாய் ஒரு கிண்ணம் போல மேல்நோக்கி இருக்கும். அதன் விளிம்பில் வைத்தாள்.

"முதல்ல பிள்ளைக்கு" என்றாள். "அதுக்கு வைக்காம நாம திங்கலாமா?"

பிறகு தட்டு வரிசையாக எல்லோரிடமும் போனது. பேராச்சியிடமும் வந்தது. அவள் கை தானாக நீண்டது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை பராமரிப்புக்கு வரும்போது நீளும் கை. வாயருகே கொண்டு போன பிறகுதான் உள்ளங்கையைப் பார்த்தாள்.

பொரி. வெல்லத் துணுக்கு. பாதியாக உடைந்த, தோல் நீக்கிய, நாலு நிலக்கடலை.

"அக்கா, இது என்னது?"

"பிரசாதம் தாயி."

"இதுல என்ன இருக்கு?"

"பொரி இருக்கு, வெல்லம் இருக்கு..." காந்திமதியின் வாய் அந்த இடத்திலேயே நின்றது. தட்டைப் பார்த்தாள். பேழையைப் பார்த்தாள்.

"கேட்டுல கேக்கும்போது இல்லைன்னு சொன்னியளே!"

"தின்பண்டம் இருக்கான்னுதான தாயி கேக்கு?" காந்திமதி தட்டைக் கீழே வைத்தாள். "சாமிக்குக் கொண்டு வாறது தின்பண்டமா?"

பொறி கேட்ட கேள்விக்கு அந்தப் பெண்கள் பதினான்கு மாதமாக உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நடுக்கம் இல்லாத உண்மை. படிக்காதவர்கள் செய்த தவறு என்று ஒரு வசவு பேராச்சியின் தொண்டைவரை வந்தது. கத்துவதற்காகக் குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டினாள். தூக்கியபோது ஓரத்தில் இருந்த குறிப்பு அவள் கண்ணில் பட்டது. முதல் சிணுங்கலுக்கு எதிரே, அழகான கையெழுத்தில்:

'சாம்பிராணிப் புகை. கவலையில்லை. – பேராச்சி.'

இரண்டாவது மாதமும் அதேதான். மூன்றாவது மாதம் 'மேற்படி' என்று இருந்தது. அந்தக் குறிப்புகளை அவள் எங்கே நின்று எழுதினாள் என்றும் ஞாபகம் வந்தது. இதே இடத்தில். இடது கையில் பொரியை வைத்துக்கொண்டு, தின்றுகொண்டே.

கையில் இருந்ததை அவள் ஒரு காகிதத்தில் மடித்தாள்.

மற்றது சீக்கிரம் தெரிந்துவிட்டது. கிட்டங்கியில், எழினி தின்ற மாவுக்கு வந்த கம்பு மூட்டைகளின் பக்கம் இணைச்சாட்சியை வீக்கம் வடியவிட்டுக் கொண்டுபோனார்கள். ஆறாவது மூட்டைக்கு அது வீங்கியது. கோணியின் மடிப்பில் செந்நிறக் கடலைத் தோல் அப்பியிருந்தது. மழைக்குக் கோணி கிடைக்காமல் பழைய கோணி வாங்கியதாகப் பால்துரை சொன்னார். "மேடம், தப்புன்னா சாட்சி கத்தும்லான்னு இருந்துட்டேன்" என்றார். அப்படித்தான் எல்லோரும் இருந்திருந்தார்கள். அதே மாவைத் தின்ற வேறு இரண்டு பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்திருந்தது. பலகை 412 என்றதால் அவர்களுடைய அம்மாக்கள் வெயில் என்று நினைத்துக் கற்றாழை தடவியிருந்தார்கள்.

திங்கட்கிழமை விசாரணைக்கு அரைமணி முன்னால் ஞானதிரவியம் பேராச்சியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் எழுதிய அறிக்கை மேசைமேல் இருந்தது.

"உங்க அக்கா மேல தப்பில்லைன்னு ஆயிட்டு. பிள்ளை வீட்டுலயே இருக்கட்டும். சந்தோசம்" என்றார். "இந்தக் குறிப்பேட்டுப் பக்கத்த மட்டும் எடுத்துரு. 'ஆவாரையின் சாட்சி பழுது'ன்னு ஒரு வரி போதும்."

"அது பழுதில்ல சார். அது கத்துக்கிச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான."

"ரெண்டும் ஒண்ணில்ல. பழுதுன்னா ஆவாரையோட முடிஞ்சுரும். கத்துக்கிச்சுன்னா மத்த ஆலையில இருக்கதும் கத்துக்கிட்டிருக்கும். நல்லாக் கத்துக்கிட்டதுதான் பலகையில மேல நிக்கி. நாமதான் அத மேல தூக்கி வச்சிருக்கோம். நாளைக்குக் காலையில எத்தனை அம்மாமாரு அதப் பாத்துட்டுக் கூழு காய்ச்சுவாவ?"

"அந்தப் பக்கத்துல உன் கையெழுத்து இருக்கு பேராச்சி."

"அது எனக்குத் தெரியும் சார். நான்தான போட்டேன்."

"வேலை போயிரும்மா. உங்க வீட்டுல நீ ஒருத்திதான படிச்சவ?"

பேராச்சி எழுந்தாள். குறிப்பேட்டுப் பக்கத்தை அறிக்கையோடு சேர்த்துப் பின் அடித்து, அவர் மேசையிலேயே வைத்துவிட்டு விசாரணை அறைக்குப் போனாள்.

எழினி வீட்டுக்கு வந்தது. பேராச்சியின் வேலை போனது. மாவட்டத்தில் மேலே நின்ற பத்து ஆலைகளையும் சோதித்தார்கள். ஏழு சாட்சிகள் ஊமை. ஒன்றின் பக்கத்தில் செக்குக் கடலை எண்ணெயில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னொன்றின் குழல், காவலாளி அவித்த கடலை தின்னும் ஜன்னலைப் பார்த்து இருந்தது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தால் பேராச்சிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மாக்கள் புத்திசாலிகள். அடிக்கடி அலறும் சாட்சிதான் பிழைத்திருக்கும் சாட்சி என்று புரிந்துகொண்டு, பலகையில் அடியில் கிடந்த ஆலைகளைத் தேடிப் போனார்கள். ஆலைக்காரர்களும் புத்திசாலிகள். இரண்டு மாதத்துக்குள் மாவட்டத்தின் சாட்சிகள் எல்லாம் நன்றாக அலற ஆரம்பித்தன. சில ஆலைகளில் செவ்வாய்தோறும் பத்து மணிக்கு, பள்ளிக்கூட மணி மாதிரி. சாட்சியகம் பலகையில் மௌனநாளை எடுத்துவிட்டு அலறல் எண்ணிக்கையைப் போட்டது.

செண்பகவல்லி பலகையை அணைத்துவிட்டாள். இப்போது அவள் மாவு வாங்குவதற்கு முன்னால் காந்திமதிக்குப் போன் போடுகிறாள். சில நாள் காந்திமதியே கூப்பிடுவாள். "இன்னைக்கு வேண்டாம் தாயி. புதுசா வந்தவ ஒருத்தி வீட்டுல கடலை உடைக்காவளாம். சீலையில இருந்துச்சு. மொதலாளி ஏசுனாரு, நாங்க மாவக் கொட்டிட்டோம்." இந்த மாதம் மூன்று தடவை இப்படி. மாவே கிடைக்காத நாள்களில் எழினி வெறும் சோறு தின்றது. பழையபடிதான். ஒரு அம்மா இன்னொரு பெண்ணிடம் விசாரிப்பது.

ஆவாரையின் பழைய சாட்சியை எரிக்க வேண்டும் என்பது விதி. எரிக்க வந்தவர்களைக் காந்திமதியும் மற்ற பெண்களும் உள்ளே விடவில்லை. "பிள்ளைய எரிக்கவா வந்திய?" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் ஆஸ்பத்திரி வாங்கிக்கொண்டது. வைக்க இடம் இல்லாமல், உடைந்த கட்டில்களை ஒதுக்கி, 'பழக்குப் பிரிவு' என்ற அந்தப் பூட்டிய அறையைத் திறந்தார்கள்.

பரிசோதனைக்கு எழினியைக் கூட்டிக்கொண்டு போன அன்று பேராச்சி அதைக் காட்டினாள். பேழையின் நெற்றியில் குங்குமம் உதிராமல் இருந்தது. பக்கத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட மருத்துவர் ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

எழினி கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது. "இது நானா சித்தி?"

"உன் ரத்தம்."

"இது கடலை திங்குமா?"

"திங்கும்."

"நாக்குல எறும்பு ஊறாதா?"

"ஊறாது. மொதல்ல ஊறிச்சு. பெறகு பழகிட்டு."

"கடலை எப்படி இருக்கும் சித்தி?"

பதினான்கு வெள்ளிக்கிழமை தின்றவள் பேராச்சி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "நல்லாருக்கும்" என்றாள். "வெல்லத்தோட சேந்தா ரொம்ப நல்லாருக்கும்."

"இத யாரு பழக்குனா?"

"ஆவாரையில இருக்க அக்காமாரு. தெரியாமப் பழக்கிட்டாவ."

எழினி கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தது. எழுதிக்கொண்டிருந்த மருத்துவரைப் பார்த்தது, பிறகு சித்தியைப் பார்த்தது.

"தெரிஞ்சு பழக்க ஆள் இல்லையா?"

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார்.